இரத்தத்திடம் பாசாங்கு பலிக்காது

சாஆவில் இருக்கும் என் அப்பாவுக்குக் கிளினிக் தேதி நெருங்கினால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மூன்று நாளைக்கு முன்பே தே தாரிக் நின்றுவிடும். தட்டில் சோறு பாதியாகும். பரிசோதனை நாளன்று விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அளவு 5.8 என்று வரும். முப்பது வருடம் பால்மரம் சீவிய மனிதருக்கு அன்று பெருமை தாங்காது.

ஒருமுறை தாதி இன்னொரு தாளையும் எடுத்துக் காட்டினார். அதில் எச்பிஏ1சி 9 விழுக்காடு என்றிருந்தது. காரில் திரும்பும்போது அப்பா கேட்டார்: “ஏம்மா, ரெண்டும் என் ரத்தம்தானே? ஒன்னு நல்லா இருக்குன்னுது, இன்னொன்னு மோசம்னுது. எதும்மா பொய்?”

மாணவர்களே, இரண்டுமே பொய் இல்லை. விரல் நுனிச் சோதனை அந்த நிமிடத்தில் இரத்தத்தில் ஓடும் குளுக்கோசை அளக்கிறது. எச்பிஏ1சி கடந்த இரண்டு, மூன்று மாதங்களைச் சொல்கிறது. இரத்தத்துக்கு எப்படி அவ்வளவு ஞாபகம்?

சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் என்ற புரதம் உண்டு என்று மூன்றாம் படிவத்தில் படித்திருப்பீர்கள். ஆக்சிஜனைச் சுமப்பது அதன் வேலை. சிவப்பணுவுக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் தேவையில்லை. அதனால் வெளியே சர்க்கரை கூடினால் உள்ளேயும் கூடும். அப்படி நுழைந்த குளுக்கோசில் கொஞ்சம் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. எந்த நொதியும் இதற்கு உதவுவதில்லை. தானாகவே, மெதுவாக நடக்கும் வேதிவினை இது. ஒட்டியது அந்த அணு சாகும்வரை பெரும்பாலும் விலகுவதில்லை. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். ஆகவே நூறு ஹீமோகுளோபினில் எத்தனை சர்க்கரை ஒட்டியவை என்று எண்ணினால், அந்த நாட்களின் சராசரி கிடைத்துவிடும். அப்பாவின் 9 விழுக்காட்டுக்குப் பொருள், அவருடைய சராசரி லிட்டருக்குச் சுமார் 11.8 மில்லிமோல் என்பது. மூன்று நாள் பத்தியம் அதை அசைக்காது. ஆனால் கடைசி ஒரு மாதத்துக்கு இதில் பாதிப் பங்கு உண்டு. அதனால் இன்றைக்குத் திருந்தினாலும் அடுத்த சோதனையில் பலன் தெரியும்.

ரொட்டி சானாய் கல்லில் பொன்னிறமாவதைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கேயும் சர்க்கரை புரதத்தோடுதான் சேர்கிறது. 1912இல் பிரெஞ்சு அறிவியலாளர் மயார் விளக்கிய வினை அது. அடுப்பில் சில நிமிடத்தில் நடப்பதன் முதல் படி, நம் உடல் சூட்டில் வாரக்கணக்கில் நடக்கிறது. நீரிழிவு உள்ளவர்களின் ஹீமோகுளோபினில் இந்த வேறுபாட்டை 1968இல் ஈரானிய மருத்துவர் சாமுவேல் ரஹ்பார் கண்டறிந்தார். இன்று உலகம் முழுக்க நடக்கும் சோதனை அங்கிருந்து வந்தது.

சர்க்கரை ஹீமோகுளோபினோடு மட்டும் நிற்பதில்லை. கண், சிறுநீரகம், இரத்தக்குழாய்ச் சுவர் என்று எங்கெல்லாம் நெடுநாள் வாழும் புரதம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒட்டும். வலியே இல்லாமல் வருடக்கணக்கில் கெடுதல் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலேசியாவில் எச்பிஏ1சி 6.3 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு என்று கொள்கிறார்கள். நோய் உள்ள பலருக்கு 7க்குள் வைத்திருப்பது இலக்கு; வயதையும் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர் அதை மாற்றுவார். இரத்தசோகை, தலசீமியா போன்றவை இருந்தால் எண் ஏமாற்றலாம். சிவப்பணு சீக்கிரம் செத்துப்போனால் சர்க்கரை ஒட்டுவதற்கு நாளே போதாது அல்லவா?

2023இல் எடுத்த தேசிய ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அவர்களில் ஐவரில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். நம் வீடுகளில் ‘இனிப்பு நீர்’ என்ற சொல்லைக் கேட்காதவர் யார்?

அப்பா இத்தோடு விடவில்லை. அடுத்த முறை, எண்ணை இறக்கியே தீருவது என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கினார். இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரை அது. வயிற்றில் உணவு இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். விடியற்காலை அப்பா உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார். அளவு 3.1. இது 3.9க்குக் கீழே போனாலே ஆபத்து தொடங்குகிறது. நினைவு இருந்ததால் ஒரு மேசைக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தோம். ஏறியிருந்தது; பிறகு ரொட்டி சாப்பிட வைத்தோம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 999ஐத்தான் அழைக்க வேண்டும். உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ள தாத்தா பாட்டி இருந்தால் இந்த ஒன்றை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தேர்வில் வராது, பரவாயில்லை.

அதற்குப் பிறகு அப்பா பட்டினி கிடப்பதில்லை. மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடுகிறார். மாலையில் அம்மாவோடு அரை மணி நேரம் நடக்கிறார். தசை வேலை செய்யும்போது இன்சுலினைப் பெரிதாக எதிர்பார்க்காமலே குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். கடையில் “தே ஓ கோசோங்” என்று கேட்கப் பழகிவிட்டார். கடைசியாகப் பார்த்தபோது 7.4. ரொட்டி சானாயை மட்டும் இன்னும் முழுதாக விடவில்லை; ஞாயிற்றுக்கிழமை ஒன்று, பருப்புக் கறியோடு.