அன்பு என்று பெயர் கொண்ட மலை

ஒக்லாந்துக்கு வந்த புதிதில் எங்களுக்குத் தெரிந்த வழிகள் மூன்றுதான். வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு, வீட்டிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு, வீட்டிலிருந்து சன்ட்ரிங்கத்தில் உள்ள பலசரக்குக் கடைக்கு. கிழமை முழுக்க வேலை, சனிக்கிழமை ஓவர்டைம், ஞாயிற்றுக்கிழமை நித்திரை. இந்த நாட்டில் மலையும் ஆறும் உண்டு என்பதைப் பிள்ளைகள் படித்துவிட்டு வந்து சொல்லித்தான் அறிந்துகொண்டோம்.

போன கோடையில் எங்கள் தெருவில் உள்ள மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வானில் வெளிக்கிட்டோம். "பெற்றோல் காசும் போகுது, ஓவர்டைமும் போகுது" என்று எங்களில் ஒருவர் புறுபுறுத்தார். அவருடைய மாமியார், வந்த நாள் முதல் வீட்டை விட்டு அதிகம் வெளியே வராதவர், பிள்ளைகளின் வற்புறுத்தலால் ஏறினார். நாங்கள் போன இடம் தே அரோஹா என்ற மலையடிவாரச் சிற்றூர்.

போகும் வழி

தெற்கு நோக்கிப் போனால் முதலில் பொம்பே குன்றுகள் வரும். பெயரைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். பொம்பே என்ற கப்பலில் வந்த குடியேறிகளால் அந்த இடத்துக்கு அப்பெயர் வந்ததாம். பிறகு ஹவுராக்கி சமவெளி. ஒருகாலம் சதுப்பு நிலமாகக் கிடந்த இதை, 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாய்க்கால் வெட்டி வடித்து மேய்ச்சல் நிலமாக்கினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பால்மாடுகள். வன்னியில் குளக்கட்டில் நின்று வயல்வெளியைப் பார்ப்பதுபோல இருந்தது. பைரோவாவில் திரும்பித் தெற்கே போனால் தே அரோஹா. ஒக்லாந்திலிருந்து இரண்டு மணித்தியாலம் போதும்.

ஊர் சிறியது. ஐயாயிரம் பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். முன்னால் வைஹோ ஆறு ஓடுகிறது. பின்னால் 952 மீற்றர் உயரமான மலை சுவர்போல நிற்கிறது. கைமாய் மலைத்தொடரில் இதுதான் மிக உயர்ந்தது.

பொன்னும் வெந்நீரும்

1880இல் ஹோனே வெராஹிகோ என்ற மாவோரி இங்கே தங்கம் கண்டார். உடனே ஆட்கள் திரண்டு ஊர் எழுந்தது. ஆனால் தங்கம் நினைத்த அளவு கிடைக்கவில்லை. ஊரைக் காப்பாற்றியது வெந்நீர்தான். ஊற்றுகள் இருந்த நிலத்தை மொகேனா ஹோ என்ற மாவோரித் தலைவர் பொதுமக்களுக்கென்று கொடுத்தார். 1886இல் புகையிரதம் வந்ததும், வாதம், மூட்டுநோ உள்ளவர்கள் நாடெங்குமிருந்து நீராட வந்தார்கள். 1898இல் கட்டிய காட்மன் குளியல் மாளிகை இன்று அருங்காட்சியகம். 1894இல் ரொட்டோருவாவுக்கும் புகையிரதம் போனதால் கூட்டம் அங்கே திரும்பியது. இப்போது தே அரோஹாவுக்குப் புகையிரதமே இல்லை. அந்தப் பாதையில் சைக்கிள் ஓடுகிறார்கள்.

பூங்காவில் மொகேனா என்ற பெயரிலேயே ஒரு வெந்நீர்ப் பீச்சு உண்டு. கிணறு துளைத்தபோது கிடைத்தது இது. பூமிக்குள் இருக்கும் சோடாத் தண்ணீர், போத்தல் சோடாவைக் குலுக்கித் திறந்ததுபோல, முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளவில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பீறிட்டு எழுகிறது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பக்கத்தில் கால் நனைக்க ஒரு சிறு தொட்டி. மாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளை, உது எங்கட கன்னியாத் தண்ணி மாதிரியே கிடக்கு" என்றார். அவர் திருகோணமலைக்காரர். கன்னியாவில் ஏழு கிணறுகள். தாயின் கிரியைக்காக இராவணன் வாளால் குத்தி உண்டாக்கியவை என்பது ஐதீகம். செத்தவர்களுக்கான கிரியைகளை நம்மவர் அங்கே செய்வது வழக்கம். மாமியின் தமையனார் ஊரில் காலமாகி அப்போது மூன்று மாதம். இவரால் போக முடியவில்லை. வீட்டில் அழாத மனிசி அந்தத் தொட்டியடியில் அழுதார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

பெயரின் கதை

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இளையவர்கள் மட்டும் மலைப்பாதையில் முக்கால் மணித்தியாலம் ஏறி, வகாபிபி என்ற காட்சிமுனைக்குப் போனோம். உச்சிக்குப் போவதென்றால் மூன்று மணித்தியாலம் வேண்டும்.

மலைக்குப் பெயர் வந்த கதை பல விதமாகச் சொல்லப்படுகிறது. ஒன்று இது. தே அராவா தோணியில் வந்த தலைவர் தமதேகபுவாவின் மகன் கஹுமதமொமொயே, நெடுந்தூரம் பயணம் போய்த் திரும்பும் வழியில் இம்மலையில் ஏறினார். உச்சியில் நின்றபோது தன் ஊர்ப்பக்கம் தெரிந்தது. உள்நாட்டு உறவுகளையும் கடற்கரை உறவுகளையும் நினைத்து மனம் உருகி, மலைக்கு அரோஹா என்று பெயரிட்டார். மாவோரி மொழியில் அரோஹா என்றால் அன்பு.

பிள்ளை ஒன்று கேட்டது: "அவருக்குத் தெரிஞ்சுது. எங்களுக்கு ஏன் எங்கட ஊர் தெரியேல்லை?" நடுவில் பெருங்கடல் என்று சொல்லிச் சமாளித்தோம். ஆனால் எங்களுக்கு ஒன்று விளங்கியது. ஊரை நினைத்து ஏங்குவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அந்த ஏக்கத்துக்கு இங்கே ஒரு மலையே பெயராக நிற்கிறது.

போகிறவர்களுக்கு

மலை அழகானது என்றாலும் விளையாட்டல்ல. 1985 பெப்ரவரி 17இல் பெருமழையில் மலையிலிருந்து வந்த வெள்ளமும் சேறும் ஊருக்குள் புகுந்து மூன்று பேர் இறந்தார்கள். மழை நாளில் ஏற வேண்டாம். நல்ல சப்பாத்தும் குளிர்ச்சட்டையும் கொண்டுபோங்கள். பீச்சின் தண்ணீர் கொதிப்பது, பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். ஊற்றுகளை மாவோரி மக்கள் பெரிதாக மதிக்கிறார்கள். கீரிமலைக் கேணியில் எப்படி நடப்போமோ அப்படியே அங்கும் நடப்போம்.

திரும்பி வரும்போது வானில் எல்லோரும் நித்திரை. மாமி மட்டும் விழித்திருந்து, பொம்பே குன்று தாண்டியதும் கேட்டார்: "அடுத்த முறை எப்ப போறம்?" ஓவர்டைம் போகுது என்று புறுபுறுத்தவர்தான் முதலில் பதில் சொன்னார்: "வாற மாதம் போவம், மாமி."