சாப்பிட்ட பில்லைக் கசக்கி எறியாதீர்கள்

ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் என்று இந்தப் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்திலேயே ஷவர்மா அடுப்பும் ஃப்ரைடு ரைஸ் வாணலியும் வந்துவிட்டன. சீன, அரபு, தென்கிழக்கு ஆசிய உணவெல்லாம் நம் தெருவுக்கு வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சாப்பிட்டு வாந்தியும் பேதியும் வந்தால், "உடம்புக்கு ஒத்துக்கல" என்று பழியை நம் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு இரண்டு மாத்திரையோடு விட்டுவிடுகிறோம். கெட்ட உணவை விற்றவர் இழப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதைக் கேட்டுப் பெற நம் கையில் ஆதாரம்தான் இருப்பதில்லை. உணவகத்தில் நமக்குள்ள உரிமை கல்லாவில் வாங்கும் பில்லில் தொடங்குகிறது என்பதே என் வாதம்.

ஆபத்து சின்னதல்ல. 2021 செப்டம்பரில் பக்கத்து ஆரணியில், உணவகத்தில் சாப்பிட்ட 10 வயதுச் சிறுமி இறந்துபோனாள். 2022 மே மாதத்தில் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவியும், 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயது மாணவியும் உயிரிழந்தார்கள். கம்பியில் சுற்றும் கோழிக் கறியை நின்று பார்த்தால் காரணம் புரியும். நெருப்புப் படும் வெளிப்புறம் சிவந்திருக்கும். கூட்டம் சேர்ந்ததும் கத்தி வேகமாக இறங்கி, இன்னும் வேகாத உள்கறியும் ரொட்டிக்குள் போய்விடும். அதன் மேல் பிழியும் மயோனைஸ் பச்சை முட்டையில் செய்ததாக இருந்தால் சால்மோனெல்லா கிருமிக்கு இன்னொரு வழி திறக்கிறது. அதனால்தான் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. ஃப்ரைடு ரைஸில் உள்ள ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. இந்தோனேசியாவின் நாசி கோரெங் ஆனாலும் நம் ஊர் எக் ரைஸ் ஆனாலும், முன்னமே வடித்து ஆறிய சோற்றில்தான் செய்வார்கள். குளிர்பெட்டியில் வைத்த சோறானால் கவலையில்லை. அடுப்போரத் தட்டில் மணிக்கணக்கில் கிடந்த சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி பெருகி நஞ்சை விடும். பிறகு எவ்வளவு சூட்டில் புரட்டினாலும் அந்த நஞ்சு அழியாது. சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரியைத் தாண்டக் கூடாது என்ற விதி இதற்காகத்தான்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன்படி, சாப்பாடு விற்கும் ஒவ்வொரு கடைக்கும் 14 இலக்கப் பதிவு எண்ணோ உரிம எண்ணோ இருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் அந்த எண் அச்சாக வேண்டும். எண் இல்லாத பில்லே ஓர் எச்சரிக்கை. இதே சட்டத்தின் 65-ஆம் பிரிவு, உணவால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரையும், மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரையும் இழப்பீடு தரச் சொல்கிறது. இந்தப் பிரிவு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. பில்லை வாங்கியதும் அதில் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது.

பில் மட்டும் போதாது என்பதும் உண்மை. அது கடையில் சாப்பிட்டதைக் காட்டும். சாப்பாடுதான் நோய்க்குக் காரணம் என்று காட்டாது. அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டோம் என்பதைச் சொல்லி, உணவு நச்சு என்ற சந்தேகத்தை ஓ.பி. சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். தோல், ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்துச் சீட்டும் உதவும். போன கூலிக்கும் அதுவே சான்று. மூன்றாவது, உணவு மாதிரி. அதை எடுக்க வேண்டியவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். கடைக்காரர் மிச்சத்தைக் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவுவதற்கு முன் அவர் வந்தால்தான் பயன். ஆகவே அன்றைக்கே புகார் செய்வது மிக முக்கியம். 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானதால், ஜோலார்பேட்டைக்காரர்களின் புகார் வேலூருக்கு அல்ல, திருப்பத்தூர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஜங்ஷன் நடைமேடையிலோ ரயிலிலோ வாங்கிய உணவானால் ரயில்வேயின் 139 எண்ணில் சொல்ல வேண்டும்.

150 ரூபாய்ச் சாப்பாட்டுக்காக யார் அலைவது என்பார்கள். முதல் புகாருக்கு அலைச்சலே இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப்பில் பில்லின் படத்தோடு அனுப்பினால் போதும். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருடம் அவகாசம் உண்டு. இதைவிட நியாயமான ஆட்சேபணை, சின்னக் கடைக்காரரின் பிழைப்பு கெடுமே என்பது. ஆனால் குறை இருந்தால் அதைச் சரிசெய்யச் சொல்லி முதலில் நோட்டீஸ் கொடுக்கவே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு வழி செய்கிறது. புகார் போனதும் கடை பூட்டப்படும் என்பது பயம் மட்டுமே. நேர்மையாகச் சமைக்கிற கடைக்காரரைக் கெடுப்பது புகார் அல்ல, பக்கத்துக் கடையின் அழுகிய கறிதான். ஒரு மரணம் நடந்தால் தெரு முழுக்க வியாபாரம் படுத்துவிடும்.

பொய்ப் புகாரால் மிரட்டிப் பணம் பறிக்கிறார்களே என்ற கேள்வியும் உண்டு. பில்லும் மருத்துவச் சீட்டும் கேட்பது அந்தக் கடைக்காரருக்கும் காவல். நாமும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும்: விசாரணைக்கு முன் கடையின் பெயரை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பக் கூடாது. கடைசியாகச் சாப்பிட்ட இடம்தான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. கெட்ட சோற்றின் நஞ்சு 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தியைக் கொண்டுவரும். சால்மோனெல்லாவோ 6 மணி நேரம் முதல் 3 நாள் வரை எடுத்துக்கொள்ளும். ஆகவே மூன்று நாள் சாப்பாட்டையும் நினைவுபடுத்தி எழுதி வையுங்கள்.

எதற்கும் முன்னால் உயிர். குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ வயதானவருக்கோ வாந்தி நிற்காவிட்டால், மலத்தில் இரத்தம் வந்தால், சிறுநீர் குறைந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அன்றைக்கே தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் புகார் அனுப்புங்கள். நுகர்வோர் உதவிக்குத் தேசிய எண் 1915.