பெட்டிக்குள்ளேயே விழுந்த கீறல்

2012 செப்டம்பர் 21 அன்று ஐபோன் 5 விற்பனைக்கு வந்தது. வரிசையில் நின்று வாங்கியவர்களில் பலர், பெட்டியைப் பிரித்த கையோடு படம் எடுத்துப் புகார் சொன்னார்கள். கறுப்பு நிறப் போனின் விளிம்பில் அங்கங்கே நிறம் பெயர்ந்து, உள்ளே இருந்த அலுமினியம் வெள்ளையாகப் பல்லிளித்தது.

ஆப்பிள் நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் பிரிவுக்கு அப்போது தலைவராக இருந்த ஃபில் ஷில்லருக்கு ஒரு வாடிக்கையாளர் மின்னஞ்சல் அனுப்பினார். அலுமினியப் பொருள் எதுவாக இருந்தாலும் புழங்கப் புழங்கக் கீறல் விழும், அதன் இயற்கையான வெள்ளி நிறம் தெரியத்தான் செய்யும், அது சகஜம் என்ற பொருளில் பதில் வந்தது. அந்தப் பதிலில் அறிவியல் பிழை எதுவும் இல்லை. ஆனால் வாங்கியவர்களின் கேள்வி அதுவல்ல. இன்னும் புழங்கவே தொடங்காத போனில் கீறல் எப்படி வந்தது?

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பரில் ஐபோன் 17 ப்ரோ வெளியானபோது அதே பேச்சு மறுபடி எழுந்தது. கடைகளில் பார்வைக்கு வைத்திருந்த போன்கள் சிலவற்றின் முதுகில் வட்ட வடிவத் தடம். பின்புறம் புடைத்து நிற்கும் கேமரா மேட்டின் விளிம்பில் பெயர்ந்த நிறம். ஆப்பிளுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல இது. உலோக உடம்பும் கண்ணாடி முகமும் கொண்ட எந்தப் போனுக்கும் பொருந்தும். கீறல் விழுந்தால் நாம் சாவிக்கொத்தையும் சில்லறைக் காசையும் குறை சொல்கிறோம். ஆனால் நிறம், விளிம்பு, உலோகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் வடிவமைப்பு மேசையிலேயே பாதிக் காரணம் முடிவாகிவிடுகிறது.

அமிலத்தில் வளரும் மேல்தோல்

அலுமினியப் போனின் நிறம் பெயின்ட் அல்ல. அனோடைசிங் என்ற மின்வேதி முறையில் அது உண்டாகிறது. போனின் சட்டத்தைக் கந்தக அமிலக் கரைசலில் தொங்கவிட்டு, மின்சாரத்தின் நேர்முனையை அதோடு இணைப்பார்கள். மின்னோட்டம் பாயும்போது உலோகத்தின் மேற்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து அலுமினியம் ஆக்சைடாக மாறுகிறது. மேலே எதையும் பூசுவதில்லை. உலோகமே தன் மேல்தோலை வளர்த்துக்கொள்கிறது.

அந்த அடுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், அறுகோண அறைகள் நெருக்கியடித்து நிற்பதும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நுண்துளை கீழே இறங்குவதும் தெரியும். சாயத் தொட்டியில் முக்கினால் சாயம் அந்தத் துளைகளுக்குள் புகும். பிறகு கொதிநீரில் வைத்தால் ஆக்சைடு நீரை ஏற்றுப் பருத்து, துளையின் வாயை மூடிக்கொள்ளும். நிறம் உள்ளே தங்கிவிடும்.

அலங்காரப் பொருள்களில் இந்த அடுக்கின் தடிமன் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான் வரை. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அலுமினியம் ஆக்சைடு படிகமாக விளைந்தால் அதுதான் மாணிக்கமும் நீலக்கல்லும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அவற்றுக்கு 9. அனோடைசிங்கில் உண்டாகும் அடுக்கு படிகமாகாதது, துளைகள் நிறைந்தது என்பதால் அவ்வளவு கடினம் இல்லை. ஆனாலும் அடியில் இருக்கும் உலோகத்தைவிடப் பன்மடங்கு கடினம். அலுமினியத்தின் மோஸ் எண் 3க்கும் குறைவு.

வில்லங்கம் இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது. பஞ்சு மெத்தையின் மேல் அப்பளத்தை வைத்து விரலால் அழுத்தினால், அடியில் தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் அப்பளம் நொறுங்கும். போனின் மேல்தோலும் அப்படித்தான். லேசான உரசலைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் கூரான பொருள் ஒன்று அழுத்தும்போது அடியில் உள்ள உலோகம் நசுங்கி இடம்கொடுக்க, மேல்தோல் வெடித்துப் பெயர்கிறது.

நிறம், விளிம்பு, பளபளப்பு

பெயர்ந்த இடத்தில் தெரிவது வெள்ளி நிறம். போனே வெள்ளி நிறமாக இருந்தால் அது கண்ணில் படாது. அதே ஆழக் கீறல் கறுப்பிலும் கருநீலத்திலும் பளிச்சென்று தெரியும். ஐபோன் 5இன் கறுப்பு ஓராண்டுதான் நீடித்தது. 2013இல் வந்த 5எஸ் போனில் அதன் இடத்தை வெளிர் சாம்பல் பிடித்தது. சாம்பல் மேல் வெள்ளிக் கீறல் அவ்வளவு எடுப்பாகத் தெரியாது.

அடுத்தது விளிம்பு. ஆக்சைடு அறைகள் எப்போதும் பரப்புக்குச் செங்குத்தாகவே வளரும். சமதளத்தில் அவை தோளோடு தோள் உரசி நிற்கும். கூர்மையான விளிம்பில் ஒரு பக்கத்து அறைகள் மேல்நோக்கியும் மறுபக்கத்து அறைகள் பக்கவாட்டிலும் வளர்வதால், மூலையில் அடுக்கு விரிசல் கண்டு பலவீனமாகிறது. விளிம்பை மழுக்கி உருட்டிவிட வேண்டும் என்பது அனோடைசிங் தொழிலில் பழைய பாடம். போதாக்குறைக்கு, மேசையில் வைக்கும்போதும் பைக்குள் செருகும்போதும் முதலில் உரசுவதும் விளிம்புதான். ஐபோன் 17 ப்ரோவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்பு நிறுவனம் இதையே சொன்னது: கேமரா மேட்டின் கூரான விளிம்பில் மேல்தோல் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது; சமதளத்தில் அப்படி நடப்பதில்லை. மற்ற அனோடைஸ் செய்த பொருள்களின் விளிம்பும் இப்படித்தான், காலப்போக்கில் சிறு சிராய்ப்புகள் வரலாம் என்பது ஆப்பிளின் விளக்கம்.

ஐபோன் 17 ப்ரோவுக்கு முந்தைய இரண்டு தலைமுறை ப்ரோ போன்களின் சட்டம் டைட்டானியம். கீறலுக்கு அது அலுமினியத்தைவிட நன்றாகவே தாக்குப்பிடிக்கும். ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம். வேகமான சிப்பின் சூட்டை வெளியேற்ற அலுமினியத்துக்குத் திரும்பினார்கள். சூடு தணிந்தது; உடம்பு மென்மையானது. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடிந்தது.

மூன்றாவது பளபளப்பு. நுண்மணிகளைப் பீய்ச்சியடித்துச் சொரசொரப்பாக்கிய மேட் பரப்பு, விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. அந்தச் சிதறலில் சின்னக் கீறல் கரைந்துபோகும். கண்ணாடிபோல் மெருகேற்றிய பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புவதால், அதில் விழும் மெல்லிய கீறல்கூட மின்னல் கோடாகத் தெரியும். 2016இல் பளபளக்கும் கறுப்பில் ஐபோன் 7 வந்தபோது, புழக்கத்தில் நுண் சிராய்ப்புகள் தெரியலாம், கவலைப்படுபவர்கள் உறை போட்டுக்கொள்ளலாம் என்று ஆப்பிளே தன் இணையதளத்தில் அடிக்குறிப்பு எழுதியது.

தடமா, கீறலா?

கண்ணில் படும் கோடுகள் எல்லாமே கீறல்கள் அல்ல. கடினமான பரப்பில் மென்மையான பொருள் உரசினால், தேய்வது மென்மையானதுதான். அதன் துகள் கோடாக ஒட்டிக்கொண்டு கீறல்போல் பயமுறுத்தும். கடைகளில் இருந்த 17 ப்ரோ போன்களின் முதுகில் கண்ட வட்டத் தடம், தேய்ந்துபோன காந்தத் தாங்கிகளிலிருந்து ஒட்டியது, துடைத்தால் போய்விடும் என்றது ஆப்பிள். வீட்டிலேயே சோதிக்கலாம். மென்மையான துணியை லேசாக ஈரமாக்கித் துடையுங்கள். மறைந்தால் தடம். மறையாவிட்டால் நகத்தை அதன் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் இடறினால் ஆழமான கீறல், இடறாவிட்டால் மேலோட்டமானது.

முன்பக்கக் கண்ணாடியின் கதை வேறு. கார்னிங் நிறுவனத்தின் கொரில்லா கிளாஸ் போன்றவற்றை சுமார் 400 டிகிரி செல்சியஸில் உருகிய பொட்டாசியம் உப்பில் முக்குகிறார்கள். கண்ணாடியில் உள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றின் இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகள் நெருக்கியடித்து உட்காருகின்றன. அந்த நெருக்கம் மேற்பரப்பை இறுக்கிப் பிடிப்பதால் விரிசல் பரவுவது தடைப்படுகிறது. கீழே விழுந்தாலும் உடையாமல் தப்பிக்க இது உதவும். கீறலை முழுதாகத் தடுக்காது. கண்ணாடியின் மோஸ் எண் ஏறத்தாழ 6. செம்புக் காசுக்கு 3 அளவில்தான். அது கண்ணாடியைக் கீறாது. பைக்குள் புகும் மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்கு 7. சாவியைக் குற்றம் சொல்கிறோம். பெரும்பாலும் வேலையைக் காட்டுவது கண்ணுக்குத் தெரியாத மணல் துகள்தான்.

விளக்கின் கீழே

பிரிக்காத பெட்டிக்குள் கீறல் எப்படி வருகிறது? ஒரு சட்டம் அலுமினியப் பாளமாகத் தொடங்கி முழுப் போனாக முடிவதற்குள் பல இயந்திரங்களையும் பல கைகளையும் கடக்கிறது. வெட்டு இயந்திரத்தில் தெறித்த உலோகத் துகள் தட்டில் கிடந்தால் போதும். அடுத்த சட்டத்தை அதன் மேல் வைக்கும்போது கோடு விழும். பிடிமானக் கருவி கொஞ்சம் அழுத்தினாலும் தடம் பதியும். அனோடைசிங் முடிந்தபின் கீறல் விழுந்தால் சரிசெய்வதும் சுலபம் அல்ல. மேல்தோலை அரித்து எடுத்துவிட்டு மறுபடி அமிலத் தொட்டியில் இறக்கினால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் கரைந்து அளவு குறையும். நூலிழை இடைவெளியில் பொருந்த வேண்டிய பாகத்துக்கு அது ஆகாது.

ஐபோன் 5 தயாரிப்பில் 29 மெகாபிக்சல் கேமராக்கள் ஒவ்வொரு சட்டத்தையும் படம் எடுத்து, அதில் பதிக்கும் 725 வகைத் துண்டுகளிலிருந்து மிகச் சரியாகப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கின்றன என்று ஆப்பிள் பெருமையாக விளம்பரம் செய்தது. அத்தனை நுட்பத்தில் பொருத்திய போனில்தான் கீறல் புகார் கிளம்பியது.

புகாரின் சுமை இறங்கிய இடம் சீனாவின் செங்சோவில் ஐபோன்களைத் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை. 2012 அக்டோபர் தொடக்கத்தில், தேசிய விடுமுறை நாட்களிலும் வேலை வாங்கிக்கொண்டு, சட்டத்தின் பள்ளங்களுக்கு 0.02 மில்லிமீட்டர் அளவில் புதுக் கெடுபிடி விதித்தார்கள் என்றும், 3,000 முதல் 4,000 பேர் வேலையை நிறுத்தினார்கள் என்றும் தொழிலாளர் உரிமைகளைக் கண்காணிக்கும் சைனா லேபர் வாட்ச் அமைப்பு தெரிவித்தது. வேலைநிறுத்தம் நடக்கவில்லை, உற்பத்தித் தொழிலாளர்களுக்கும் தரப் பரிசோதகர்களுக்கும் இடையே இரண்டு சிறு தகராறுகள்தான் என்றது ஃபாக்ஸ்கான். எது எப்படியோ, ஆலைக்குள் தகராறு நடந்தது என்பதை இரு தரப்பும் மறுக்கவில்லை.

எதைக் குறை என்று சொல்வது? இதற்கு இயற்கை வகுத்த எல்லை கிடையாது. ஆலையும் வாங்கும் நிறுவனமும் பேசி முடிவு செய்வதுதான். எப்போதும் கண்ணில் படும் முகப்பு முதல் தரப் பரப்பு. எப்போதாவது தெரியும் பக்கம் இரண்டாம் தரம். உள்பக்கம் மூன்றாம் தரம். எவ்வளவு வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில் பிடித்து, எத்தனை நொடி பார்க்க வேண்டும் என்று விதி இருக்கும். இதுவரை ஓகே, இதைத் தாண்டினால் ரிஜெக்ட் என்று காட்டும் மாதிரிப் பாகமும் மேசையில் இருக்கும். இதெல்லாம் இருந்தும், ஒரே பாகத்தைக் காலையில் தேற்றிய கண்ணே மாலையில் தள்ளிவிடக்கூடும். களைப்புக்கு அளவுகோல் இல்லை.

இந்த வேலை இன்று நம் ஊரிலும் நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் 2022இல் ஐபோன் 14 தயாரானது. ஓசூரில் டாடா எலக்ட்ரானிக்ஸ் போன் உடற்கூடுகளைச் செய்கிறது. அங்கே வெளிவரும் பாகங்களில் தேறுவது ஏறத்தாழ இரண்டில் ஒன்றுதான் என்று 2023 பிப்ரவரியில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் எழுதியது. புது ஆலைக்கு அது தலைகுனிவு என்று தோன்றலாம். தள்ள வேண்டியதைத் தள்ளியதால்தான் அந்தக் கணக்கே வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாங்குபவர் என்ன செய்யலாம்?

உத்தரவாத அட்டையைப் படித்தால் ஒன்று புரியும். கீறல், ஒடுக்கு போன்ற வெளித்தோற்றச் சேதங்களைப் பல நிறுவனங்கள் உத்தரவாதத்திலிருந்து விலக்கியே வைத்திருக்கின்றன. பொருளிலோ தயாரிப்பிலோ இருந்த குறையால் வந்தது என்று நிரூபித்தால்தான் பேச்சுக்கே இடம். ஆகவே வாங்கிய முதல் பத்து நிமிடம்தான் முக்கியம்.

கடையில் வாங்கினால் அங்கேயே பிரித்துப் பாருங்கள். இணையத்தில் வாங்கினால், வீட்டு வாசலிலேயே பெட்டியைத் திறந்து காட்டும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்; இல்லையென்றால் முத்திரையைக் கிழிப்பதிலிருந்து இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கேமரா மேட்டின் விளிம்பு, சார்ஜர் துளையின் வாய், நான்கு மூலைகள், பொத்தான்களின் ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். குறை தெரிந்தால் அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். செவிசாய்க்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

புழக்கத்தில் வரும் கீறலைக் கண்டு மனம் நோக வேண்டாம். அது உலோகத்தின் இயல்பு. பிரிக்காத பெட்டிக்குள் இருந்த கீறலுக்கு மட்டும் அந்தச் சமாதானம் செல்லாது. முழு விலை கொடுத்தவருக்கு முழுமையான பொருளைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள்.