உத்தியோகத்தோடு பரீட்சைக்குப் படிப்போர் கவனத்திற்கு

பகலெல்லாம், நைட் ஷிப்டு வாய்த்துவிட்டால் இரவெல்லாம், பிறருடைய நெட்வொர்க்குகளைக் கண்காணித்துவிட்டு வீடு திரும்பி, களைப்பைப் பொருட்படுத்தாமல் சான்றிதழ்ப் பரீட்சைக்குப் பாடம் படிக்கும் இளைஞர்களும் யுவதிகளும் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கோவையிலும் பலர் இருக்கின்றனர். அவர்களுடைய பிரயத்தனம் போற்றத் தக்கது. ஆனால் அவர்களுடைய ஆசையையும் அவசரத்தையுமே மூலதனமாக்கிப் பிழைப்போரும் உண்டாகையால், பாடத்தோடு கூட, அதைச் சூழ்ந்த அபாயங்களையும், சட்டம் அளித்துள்ள உரிமைகளையும், நஷ்டம் நேர்ந்தால் நாட வேண்டிய பரிகாரங்களையும் அவர்கள் அறிந்திருப்பது அவசியம்.

பரீட்சையின் இயல்பு

சிஸ்கோ ஸ்தாபனத்தின் பரீட்சைகளை உதாரணமாகக் கொள்வோம். முதற்படியான சி.சி.என்.ஏ. பரீட்சைக்கு 120 நிமிஷம். அடுத்த படிக்குரிய 350-401 என்னும் கோர் பரீட்சைக்கும் அதே அளவு நேரம்தான். அதில் தேறியவரே, மூன்று ஆண்டுகளுக்குள், 1993 முதல் வழங்கப்பட்டு வரும் சி.சி.ஐ.இ. என்ற உயர் சான்றிதழுக்கான லேப் பரீட்சைக்கு அமரலாம். அந்த லேப் பரீட்சை எட்டு மணி நேரம் நடைபெறுவது; முதல் மூன்று மணி வடிவமைப்புக்கும், எஞ்சிய ஐந்து மணி அமைத்தல், இயக்குதல், செம்மைப்படுத்தல் ஆகியவற்றுக்கும் உரியவை. பெற்ற சான்றிதழும் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். பின்பு அதைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே சில வாரக் கடும் பாராயணத்தில் முடிந்துவிடக் கூடியதன்று இது. மாதக் கணக்கில், நாளொன்றுக்கு ஓரிரு மணி நேரமேனும் இடையறாது செலவிடுவோரே இதில் கரை சேர்கின்றனர்.

விலக்க வேண்டிய அபாயங்கள்

முதலாவது அபாயம், 'டம்ப்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் களவு வினாத்தாள். பரீட்சைக்கு அமருமுன் ஒவ்வொருவரும் வினாக்களின் ரகசியத்தைக் காப்பதாக ஒப்பந்தம் செய்கிறார். அதை மீறியது வெளிப்பட்டால் சான்றிதழ் ரத்தாகலாம், மேற்கொண்டு பரீட்சை எழுதவும் தடை விதிக்கப்படலாம். அதனினும் பெரிய நஷ்டம் வேலையிடத்தில் நேர்வது. நள்ளிரவில் ஒரு கிளை அலுவலகத்தின் இணைப்பு அறுகிறது. இரண்டு ரூட்டர்களும் ஒன்றையொன்று கண்டுகொண்ட பின்னரும் ஓ.எஸ்.பி.எஃப். உறவு 'எக்ஸ்ஸ்டார்ட்' நிலையைத் தாண்டாமல் நிற்கிறது. ஒரு பக்கம் எம்.டி.யு. அளவு 1500 என்றும் மறுபக்கம் 1400 என்றும் இருப்பதே காரணம் என்பதை, கையால் அமைத்துப் பழகியவர் சில நிமிஷங்களில் கண்டுபிடித்துவிடுவார். விடைகளை மட்டும் மனனம் செய்தவரோ விடியுமளவும் திகைப்பார்.

இரண்டாவது அபாயம், 'உங்களுக்குப் பதிலாக நாங்கள் எழுதித் தருகிறோம்' என்னும் தரகர்கள். ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்; அதைக் கணினி வழியாகச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவும் சேரும். உடந்தையாக இருந்தவரும் தப்ப முடியாது.

மூன்றாவது, சிரத்தை மிகுதியாலேயே சிலர் செய்துவிடும் பிழை: அலுவலகத்தில் உபயோகத்திலிருக்கும் ரூட்டரிலேயே, அனுமதியின்றி, பயிற்சி செய்து பார்ப்பது. அதனால் சேதம் விளைந்தால் நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு அந்த ஊழியரைச் சாரும். வேலைக்கே ஆபத்து நேரலாம். இலவசமாகக் கிடைக்கும் பாக்கெட் டிரேசர், ஜி.என்.எஸ்.3 முதலிய சாதனங்கள் இருக்க, அந்த விஷப் பரீட்சை வேண்டியதேயில்லை.

சட்டம் தந்துள்ள உரிமைகள்

பரீட்சைக் கட்டணத்தை முதலாளி செலுத்தி, அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் வேலையை விட்டுப் போகக் கூடாது என்று பாண்டு எழுதி வாங்குவது இன்று சர்வ சாதாரணம். அத்தகைய பாண்டு எதுவுமே செல்லாது என்று நம்பிக் கையெழுத்திடுவது தவறு. மூன்று ஆண்டு பணி புரியாவிடில் இரண்டு லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை, விஜயா வங்கி சம்பந்தமான வழக்கில், 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆயினும், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பாண்டில் கண்ட தொகையை உச்ச வரம்பாகக் கொண்டு நியாயமான நஷ்டஈட்டையே அனுமதிக்கிறது. வேலையை விட்ட பின்னும் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்னும் தடையோ 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. எனவே எத்தனை ரூபாய், எத்தனை மாதம், தேறாவிட்டால் என்ன என்ற மூன்றையும் எழுத்தில் கண்ட பின்னரே கையெழுத்திடுக. நகல் ஒன்றைத் தவறாமல் பெற்றுக்கொள்க.

நஷ்டம் நேர்ந்தால்

'நூற்றுக்கு நூறு தேர்ச்சி, வேலை நிச்சயம்' என்று விளம்பரம் செய்து பணத்தை வாங்கிக்கொண்டு, பாதி வகுப்போடு கைவிரிக்கும் பயிற்சி நிலையங்களுக்கு எதிராகவும் பரிகாரம் உண்டு. 50 பேருக்கு மேல் பயிற்சி அளிக்கும் நிலையங்கள் இத்தகைய பொய் வாக்குறுதிகளை விளம்பரப்படுத்தக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறை வகுத்துள்ளது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அங்கே தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்திலுள்ள நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் நீதிமன்றக் கட்டணமும் இல்லை, வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. போலிப் பரீட்சைத் தளத்தில் பணத்தை இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைப்பது நலம். எல்லாவற்றுக்கும் ஆதாரம் ரசீதும், விளம்பரத்தின் படமும், வாட்ஸ்அப் உரையாடலுமே. அவற்றை முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்தியவருடைய வழக்கே நிலைத்து நிற்கும்.

அவகாசத்தைக் கேட்டுப் பெறுக

உறக்கத்தைப் பலியிட்டுப் படிப்பது உடம்பையும் ஞாபக சக்தியையும் ஒருங்கே கெடுக்கும். நிர்வாகப் பொறுப்பில் இல்லாத ஊழியர் ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்திருந்தால், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி அடுத்த ஆண்டில் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறைக்கு உரியவர். அதில் சில நாட்களைப் பரீட்சைக்கென்றே ஒதுக்கி வைக்கலாம். பரீட்சைத் தேதியைப் பதிவு செய்த அன்றே, அதற்கு முந்திய இரண்டு வாரங்களுக்கு நைட் ஷிப்டிலிருந்து விலக்கு வேண்டுமென்று மேலதிகாரிக்கு எழுத்து மூலம் விண்ணப்பிப்பது நன்று. சான்றிதழ் பெற்ற ஊழியர்களின் எண்ணிக்கையைக் காட்டி வாடிக்கையாளரிடம் பெருமை கொள்ளும் நிறுவனங்கள், அச்சிறு உதவியைத் தயக்கமின்றிச் செய்யக் கடமைப்பட்டிருக்கின்றன. அதைக் கேட்பதில் ஊழியர்களும் சிறிதும் கூசவேண்டியதில்லை.