ஓடிப் பழக எந்தத் தரை நல்லது?



"சர்க்கரை இருக்கு, நடங்க, ஓடுங்க" என்று டாக்டர் சொன்ன மறுநாளே வெள்ளிமலை மேட்டில் ஓட ஆரம்பித்து, நாலாம் நாள் முட்டிவலியோடு படுத்துவிடுகிறவர்கள் உண்டு. "ஓட்டம் நமக்கு ஒத்துவரலை" என்று அத்தோடு விட்டுவிடுவார்கள். ஒத்துவராதது ஓட்டமல்ல, ஓடிய தரை!

காட்டில் கொத்தி, வெட்டி, சுமந்து உழைப்பவர்களுக்கு அந்த வேலையே உடற்பயிற்சி. கடையிலும் வண்டியிலும் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு வாரம் 150 நிமிட வேகநடை, அல்லது 75 நிமிட ஓட்டம் தேவை.

எது நல்லது?

சமமான, காய்ந்த, மிதிபட்டு இறுகிய மண்தரையே முதல்தரம். பள்ளிக்கூட மைதானம் (தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்), கதிரடிக்கும் மண்களம் இவை போதும். ஒரே பக்கமாகச் சுற்றாமல் திசையை மாற்றி மாற்றி ஓடுங்கள். தமிழக அரசு 2023-இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தேர்ந்தெடுத்தது. அதற்காக நீங்கள் மலையிறங்க வேண்டியதில்லை.

எது ஆகாது?

மலைச்சாலை: இறக்கத்தில் உடம்பின் பாரத்தை ஒவ்வொரு அடியிலும் முட்டிதான் தாங்கி நிறுத்துகிறது. ஏற்றத்தில் கெண்டைக்கால் இழுக்கும், மூச்சு வாங்கும். வளைவில் வரும் பஸ்காரருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

தார்ரோட்டு ஓரம்: சரிந்திருக்கும். ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக ஓடினால் இடுப்பு வலிக்கும்.

ஓடை மணல்: "மெத்துனு இருக்கே" என்று நினைக்காதீர்கள். கால் புதையும், கணுக்கால் பிசகும்.

மழை பெய்த செம்மண்: வழுக்கும். அன்று ஓய்வெடுங்கள்.

வெறுங்கால் போதாதா?

"1960-இல் ரோம் ஒலிம்பிக் மராத்தானில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினாரே!" என்று கேட்கலாம். அவர் அப்படியே ஓடிப் பழகியவர். நம் ஊரில் மலம் கழித்த ஈரமண்ணில் கொக்கிப்புழு இருக்கும். பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். தாய்மார்களுக்கு இரத்தசோகை வர இதுவும் ஒரு காரணம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் முள் குத்தினாலும் தெரியாமல் புண்ணாகிவிடும். ரப்பர் செருப்பு வழுக்கும். காலுக்குப் பொருந்திய கேன்வாஸ் ஷூ போடுங்கள்.

எப்படித் தொடங்குவது?

ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி 20 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். கணவர் ஓடும்போது மனைவி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். மனைவி ஓடும்போது கணவர் பார்த்துக்கொள்ளட்டும். கர்ப்பிணிகள் நர்ஸம்மாவிடம் கேட்டுவிட்டு, சமதரையில் நடந்தால் போதும். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

சமமான தரை! உறுதியான கால்! நலமான குடும்பம்!