உள்ளத்துக்கு ஒரு வரம்பு



கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குச் செல்லும் வழியில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நெல் வயல்கள் விரிந்து கிடக்கின்றன. 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டத்தின் பயனாக, சேனநாயக்க சமுத்திரத்தில் தேங்கும் நீர் வாய்க்கால்கள் வழியே இப்பகுதி வயல்களுக்கு வந்து சேருகின்றது. குளத்தில் நீர் நிறைந்திருக்கும். வாய்க்காலும் ஒழுங்காக ஓடும். ஆயினும், மாலையில் நிரப்பி வைத்த ஒருவருடைய வயல் மட்டும் காலையில் வற்றிக் கிடப்பதுண்டு. அனுபவமுள்ள விவசாயி அதற்காகக் குளத்தைக் குறை கூறமாட்டார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பிலே நடந்து பார்ப்பார். ஏதோ ஓரிடத்தில் நண்டு குடைந்த சிறு வளை இருக்கும். இரவு முழுவதும் நீர் அதன் வழியே கசிந்து போயிருக்கும். சேற்றை எடுத்து அப்பி மிதித்து அதனை அடைத்துவிட்டு அடுத்த வேலையைக் கவனிப்பார்.

மனிதனுடைய உள்ள வலிமையும் இத்தகையதே. “உடலிலே நோயில்லை, உணவுக்கும் குறைவில்லை, ஆயினும் மாலையானால் எரிச்சலும் சோர்வும் வந்துவிடுகின்றன” என்று முறையிடுவோர் நம்மிடையே பலர். அவர்களிடம் வலிமை இல்லாமற் போகவில்லை. அது எங்கோ கசிந்துகொண்டிருக்கின்றது. அந்த வளை எங்கே இருக்கின்றது என்பதே கேள்வி.

முதலில் உடலின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். ஆபத்து நேரும்போது சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அதிரினலின், கோட்டிசோல் முதலிய சுரப்புகளை இரத்தத்திற் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது, தசைகள் இறுகுகின்றன. பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இந்த ஏற்பாடு மிகவும் வேண்டியதே. ஆனால், அயலவர் கூறிய ஒரு சுடுசொல்லை நினைந்து நினைந்து வெதும்பும்போதும் உடல் அதே ஏற்பாட்டைச் செய்கின்றது. பாம்பு சில நிமிடங்களிற் போய்விடும். சுடுசொல்லோ நாட்கணக்காக நெஞ்சிற் கிடக்கும். அதனால் உறக்கம் கெடுகின்றது. இரத்த அழுத்தம் உயர்கின்றது. மறுநாளுக்குரிய வலிமை முதல்நாளே செலவாகிவிடுகின்றது.

எனவே முதலாவது வளை கோபம். இதற்கு நம் முன்னோர் அறிந்திருந்த மருந்து எளியது. கோபம் வரும்போது நிற்பவர் உட்காருக; அப்போதும் தணியாவிடின் சாய்ந்து படுத்துக்கொள்க; தண்ணீரால் வுழுச் செய்க என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். உடலின் நிலை மாறினால் உள்ளத்தின் நிலையும் மாறும். மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அதனினும் நீண்ட நேரம் வெளிவிட்டால் நாடித்துடிப்புத் தணியும் என்பது இக்கால மருத்துவமும் ஒப்புக்கொள்ளும் உண்மை.

இரண்டாவது வளை, அரைமனத்தோடு கொடுக்கும் இணக்கம். நம் ஊர்கள் நெருக்கமானவை. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கின்றது. குடி, குடும்பம், பள்ளிவாசல் என உறவுகள் பின்னிக் கிடக்கின்றன. கலியாண வீட்டுக்கும் மையித்து வீட்டுக்கும் ஓடிச் செல்லும் பண்பு நமக்குள்ள பெருஞ் செல்வம். ஆனால், செய்ய இயலாத ஒன்றைக் கேட்கும்போது, மறுக்கத் துணிவின்றி “இன்ஷா அல்லாஹ்” என்று சொல்லி நழுவுகின்றோம். பிறகு அவர் தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம் நெஞ்சு குறுகுறுக்கின்றது. இறைவன் பெயரைச் சாக்காக்காமல், “மன்னிக்க வேண்டும் காக்கா, இம்முறை என்னால் இயலாது” என்று பணிவாகக் கூறிவிட்டால் இருவருக்கும் நன்மை. கேட்டவர் வேறொருவரை நாடலாம். சொன்னவர் நிம்மதியாக உறங்கலாம்.

மூன்றாவது வளை, தன்னையே மறந்து சுமக்கும் சுமை. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது நம் பகுதியின் நெடுநாள் வழக்கம். சகோதரிகளின் வீடுகளுக்காக வளைகுடா நாடுகளின் வெயிலில் இளமையைக் கழிக்கும் இளைஞர்கள் எத்தனை பேர்! இவர்களுடைய தியாகத்தை யாரும் குறைவாக மதிக்க முடியாது. ஆனால், சுமப்பவனுக்கும் ஓர் உடலும் ஓர் உள்ளமும் உண்டு என்பதை வீட்டார் மறந்துவிடலாகாது. சுவரின் உயரத்தை ஓர் ஆண்டு தள்ளிவைக்கலாம். கெட்டுப்போன உடல்நலத்தை அப்படித் தள்ளிவைக்க முடியுமா? பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களை அவர்களுடைய தோழர் ஸல்மான் (ரலி) அவர்கள் தடுத்து, இறைவனுக்குரிய கடமையைப் போலவே உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய கடமைகளும் உண்டு என்று எடுத்துரைத்தார்கள். அதனை நபிகளாரும் சரியென ஏற்றார்கள். வணக்கத்துக்கே அளவு உண்டென்றால், உழைப்புக்கு அளவு வேண்டாமா?

நான்காவது வளை நம் காலத்துக்குரியது. முன்னர் ஊர்ச் செய்தி இஷாத் தொழுகையோடு அடங்கிவிடும். இன்று கைத்தொலைபேசி தலையணைக்கு அருகிலேயே விழித்திருக்கின்றது. உறங்கும் அறைக்கு வெளியே அதனை வைப்பது ஒன்றே பலருக்கு அரை மருந்தாகும்.

அமைதி என்றால் ஊரை விட்டு ஒதுங்குவது என்று சிலர் கருதுவர். இமாம் கஸ்ஸாலி அவர்களின் வரலாறு இங்கே நினைக்கத் தக்கது. பக்தாதின் நிஸாமிய்யாக் கலாசாலையிற் பெரும் புகழோடு கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1095ஆம் ஆண்டில் கடும் மனநெருக்கடிக்கு ஆளானார். பாடஞ் சொல்ல நா எழவில்லை, உணவும் செரிக்கவில்லை. நோயின் வேர் உள்ளத்தில் இருக்கின்றது என்று மருத்துவர் கைவிரித்தனர். பதவியைத் துறந்து திமிஷ்கு, பைத்துல் முகத்தஸ், மக்கா எனப் பயணஞ் செய்து தனிமையில் வாழ்ந்தார். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1106ஆம் ஆண்டில் நைசாபூரிலே மீண்டும் மாணவர்முன் அமர்ந்தார். தனிமையிற் பெற்ற தெளிவை மக்களிடமே கொண்டுவந்தார். நம்மைப் போன்றோர் பல ஆண்டுகள் ஒதுங்கியிருக்க இயலாது. ஆனால், ஐவேளையும் பாங்கு ஒலிக்கும்போது கிடைக்கும் சில நிமிடங்கள் ஐந்து சிறு தனிமைகள் அல்லவா? அவற்றை அவசரமாகக் கழித்துவிடாமல் இருப்பதே போதும்.

இவ்வளவும் சிறு கசிவுகளைப் பற்றியது. வரம்பே உடைந்துபோகும் காலமும் உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையில் என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பல்லாயிரம் உயிர்கள் மாண்டன. கரையோரம் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற கட்டுப்பாட்டினாலும், மாற்றுக் காணி கிடையாமையினாலும், எஞ்சியோர் நீண்ட காலம் தற்காலிகக் கொட்டில்களில் வாழ நேர்ந்தது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் மூச்சுப் பயிற்சியைப் பற்றிப் பேசுவது கொடுமை. அங்கே வேண்டியது, அருகிலிருந்து கேட்கும் ஒரு காது. ஒரு குவளை தேநீர். மறுநாளும் வந்து பார்க்கும் ஓர் உறவு. “சபூர் செய்” என்று சொல்லிவிட்டு எழுந்து போவதால் மட்டும் பொறுமை வந்துவிடாது. பொறுமைக்குத் துணையும் வேண்டும். உறக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடுவது ஈமானின் குறைவன்று. உளநல ஆலோசனைக்கென 1926 என்ற தொலைபேசி இலக்கம் இலங்கையில் உள்ளது. கால் முறிந்தால் வைத்தியசாலைக்குச் செல்ல நாணாத நாம், மனம் முறிந்தால் மட்டும் நாணுவானேன்?

மாரிக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது நம் மீனவர் தோணியைக் கரையேற்றி வைத்து, கிழிந்த வலையைச் செப்பனிடுகின்றனர். அந்நாட்கள் வீணான நாட்கள் என்று எவரும் சொல்வதில்லை. அவ்வாறே ஒவ்வொரு நாளும் சுபஹுத் தொழுகைக்குப் பின், தேநீர் அருந்துவதற்குமுன், சிறிது நேரம் அமர்ந்து நேற்று எங்கே கசிந்தது என்று எண்ணிப் பார்ப்போம். ஒரு நாளைக்கு ஒரு வளையை அடைத்தாற் போதும். வயலில் தங்கும் நீர் நமக்கு மட்டுமன்று. நம்மை நம்பியிருக்கும் மனைவி மக்களுக்கும் அயலாருக்கும் அது பயிராகும்.