விலைபோன மென்பொருளும் விலைபோகாத நம்பிக்கையும்

நடந்துகொண்டிருக்கும் ஒரு கடையை விலைக்கு வாங்குவது நமது வியாபாரிகளுக்குப் புதிய விடயமல்ல. இறாக்கைக்கும் சரக்கிருப்புக்கும் ஒரு விலை பேசப்படும். அதற்கு மேலாக 'நன்மதிப்பு' என்று ஒரு தொகையும் சேர்க்கப்படும். பழைய முதலாளி மீது வாடிக்கையாளர்கள் வைத்திருந்த நம்பிக்கைக்கான விலை அது. ஆனால் உறுதிப்பத்திரத்தில் கையொப்பமிட்டதும் கடை கைமாறிவிடும். நம்பிக்கை அப்படிக் கைமாறுவதில்லை. இந்த உண்மையை உலகின் பெரிய கம்பனிகளில் ஒன்று, ஒரே கொள்வனவில் இரண்டு விதமாக அனுபவித்த கதை வியாபாரிகள் அறிந்துகொள்ள வேண்டியதாகும்.

திறந்த மூல மென்பொருள் என்பது, அதன் மூலநிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் அனுமதி வழங்கப்பட்ட மென்பொருளாகும். ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையல் குறிப்பு ஊரில் எல்லோர் கையிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கடையை வாங்குபவருக்குக் கிடைப்பது பெயர்ப் பலகையும் இடமும் அங்கு சம்பளத்துக்கு வேலை செய்யும் கோக்கிமாரும் மட்டுமே. கோக்கிமார் மனம் வைத்தால் அடுத்த தெருவில் அதே சாப்பாட்டை வேறு பெயரில் சமைக்கலாம்.

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் 1995 இல் சுவீடனில் ஆரம்பமானது. இன்று இணையத்தளங்கள் முதல் கடைகளின் பில் போடும் மென்பொருட்கள் வரை எத்தனையோ இடங்களில் கணக்குகளைத் தாங்கி நிற்பது அதுவே. இலவசமாகக் கிடைத்தாலும் அதன் பதிப்புரிமை ஒரே கம்பனியிடம் இருந்தது. தமது சொந்த மென்பொருளுக்குள் அதை வைத்து விற்க விரும்பியோருக்குத் தனியான அனுமதிப்பத்திரமும், தொழில்நுட்ப உதவியும் விற்று அக்கம்பனி உழைத்தது. 2008 இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதனைச் சுமார் 1 பில்லியன் டொலருக்கு வாங்கியது.

அடுத்த வருடமே நிலைமை மாறியது. 2009 ஏப்ரலில், சன் கம்பனி முழுவதையும் 7.4 பில்லியன் டொலருக்கு வாங்கப் போவதாக ஒரக்கிள் அறிவித்தது. காசுக்கு விற்கப்படும் தரவுத்தள மென்பொருளில் முன்னணியில் நின்ற கம்பனி ஒரக்கிள்தான். இலவசமாகக் கொடுக்கும் எதிர்க் கடையைப் பெரிய முதலாளியே வாங்கினால் ஊர் என்ன நினைக்கும்? மூடுவதற்கே வாங்குகிறார் என்றுதானே!

மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கல் விடேனியஸ் இக்கொள்வனவைப் பகிரங்கமாக எதிர்த்தார். முன்னர் அதனை விற்றவர்களில் அவரும் ஒருவர் என்பதால், விற்ற பொருளுக்கு உரிமை கோரலாமா என்ற கேள்வியும் எழுந்தது. மறுபுறம், அக்கம்பனியின் முன்னாள் தலைமை நிறைவேற்று அதிகாரி மார்டன் மிக்கோஸ், கொள்வனவை அனுமதிக்குமாறு ஐரோப்பிய ஆணைக்குழுவைக் கேட்டுக்கொண்டார்.

ஆணைக்குழு மாதக்கணக்கில் விசாரித்தது. 2009 டிசம்பரில் ஒரக்கிள் 10 வாக்குறுதிகளைப் பகிரங்கமாக வெளியிட்டது. திறந்த மூல அனுமதிப்பத்திரத்தின் கீழ் மைஎஸ்கியூஎல்லைத் தொடர்ந்து வெளியிடுவது, அதன் ஆய்வுக்கு சன் செலவிட்டதை விடக் குறைவாகச் செலவிடாதிருப்பது என்பன அவற்றுள் அடங்கும். 2010 ஜனவரியில் அனுமதி கிடைத்தது.

இதற்கிடையில் விடேனியஸ் அதே மூலநிரலிலிருந்து மரியாடிபி என்ற புதிய கிளையைத் தொடங்கியிருந்தார். விக்கிபீடியா 2013 இல் அதற்கு மாறியது. எனினும் மைஎஸ்கியூஎல் அழிந்துவிடவில்லை. ஒரக்கிள் புதிய பதிப்புகளை ஒழுங்காக வெளியிட்டது. சந்தேகத்துடன் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் விலகினர். பெரும் எண்ணிக்கையானோர் தங்கினர்.

இரண்டாவது கடை

அதே கொள்வனவில் ஒரக்கிளின் கைக்கு வந்த மற்றொரு பொருள் ஓபன் ஒபிஸ். கடிதம் தட்டச்சு செய்யவும் கணக்கு அட்டவணை போடவும் பயன்பட்ட இந்த இலவச மென்பொருளை உலகெங்கும் தொண்டர்கள் வளர்த்து வந்தனர். இங்கு அத்தகைய வாக்குறுதிப் பட்டியல் எதுவும் வரவில்லை. 2010 ஓகஸ்டில், சன்னின் மற்றொரு திட்டமான ஓபன் சொலாரிஸின் நிர்வாக சபை, ஒரக்கிளிடமிருந்து பதிலே கிடைக்காத நிலையில் கூட்டாக இராஜினாமாச் செய்தது. ஓபன் ஒபிஸ் தொண்டர்கள் அதைக் கண்டு தமது நாளையை யோசித்தனர்.

2010 செப்டெம்பரில் அவர்களில் முக்கியமானோர் ஒரு சுயாதீன அமைப்பைத் தொடங்கி, பெயரைத் தந்து தம்முடன் இணையுமாறு ஒரக்கிளுக்கும் அழைப்பு விடுத்தனர். மறுமாதமே, புதிய அமைப்பில் சேர்ந்தவர்கள் பழைய சபையிலிருந்து விலக வேண்டும் என்று ஒரக்கிள் தரப்பு கேட்டது. தொண்டர்கள் விலகி, லிப்ரே ஒபிஸ் என்ற பெயரில் 2011 ஜனவரியில் முதற் பதிப்பை வெளியிட்டனர். லினக்ஸ் விநியோகங்களில் பெரும்பாலானவை அதற்கு மாறின. 2011 ஜூனில் ஒரக்கிள் ஓபன் ஒபிஸை அப்பாச்சி அமைப்புக்கு அன்பளிப்பாகக் கொடுத்து ஒதுங்கியது. பெயர்ப் பலகை பத்திரமாக இருந்தது. அதற்குக் கீழே ஆட்கள்தான் இல்லை.

முதலாளி ஒருவர்தான், காலமும் ஒன்றுதான். முதலாவது கடையில் ஆணைக்குழுவின் நெருக்குதலினாலாவது வாக்குக் கொடுக்கப்பட்டது, வேலையும் நடந்தது. இரண்டாவதில் மௌனமும் பின்னர் கதவைக் காட்டுதலும். வித்தியாசம் இவ்வளவுதான்.

நமக்குரிய பாடம்

உங்கள் கடையின் கணக்கு இத்தகைய மென்பொருளொன்றில் இருந்தால் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அதன் பெயரும் பதிப்புரிமையும் யாரிடம் உள்ளன? ஒரே கம்பனியிடமா, பொது அமைப்பிடமா? இரண்டாவது, உங்கள் தரவுகளைப் பொதுவான வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா? அதை இன்றே ஒருமுறை செய்து பாருங்கள். மூன்றாவது, உரிமையாளர் மாறினால் புதியவர் எழுத்தில் என்ன சொல்கிறார், எத்தனை வருடங்களுக்குச் சொல்கிறார் என்று பாருங்கள். முதல் ஒரு வருடத்தில் பழைய வேலையாட்கள் விலகிச் செல்வது தெரிந்தால், மாற்று வழியைத் தேடி வையுங்கள்.

வேறொருவரின் வியாபாரத்தை வாங்க எண்ணுபவர்களுக்கும் இதில் பாடமுண்டு. நன்மதிப்புக்குக் கொடுக்கும் பணம், வாடிக்கையாளரும் வேலையாட்களும் உங்களைச் சிறிது காலம் பொறுத்துப் பார்ப்பதற்கான அவகாசத்தை மட்டுமே வாங்கித் தருகிறது. அந்த அவகாசத்துக்குள் பழைய வேலையாட்களை அழைத்துப் பேசுங்கள். எது மாறும், எது மாறாது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொன்னதைச் செய்து காட்டுங்கள். சமையல் குறிப்பு எல்லோர் கையிலும் இருக்கும் காலம் இது. அடுத்த தெருவில் கடை திறக்க அதிக நாள் எடுக்காது.